மதுரை இல்லை, பாபநாசம்!

வணக்கம், வணக்கம். படம் இடப்பக்கம் சாய்ந்து தெரிகிறதா? காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது. போன வாரம் 650 ரூபாய் கொடுத்து வாங்கிய முக்காலி, பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒரு காலை உதறிவிட்டது. பூக்கட்டும் அக்கா ஒருவர் வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். இப்போது கேமரா நிற்பது அந்த நாரின் தயவில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மதுரை வீடியோவில், ஹார்வி சகோதரர்களின் முதல் பஞ்சு நூற்கும் மில் மதுரையில்தான் என்று அடித்துச் சொன்னேன் அல்லவா? தப்பு. நீங்கள் என் காதைத் திருகியது நியாயம். மதுரை மில் ஓடத் தொடங்கியது 1892-இல். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1885-இல், பாபநாசத்தை ஒட்டி, இதோ இந்த விக்கிரமசிங்கபுரத்தில் நூற்கத் தொடங்கிவிட்டார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்ற அண்ணன் தம்பிகள்.

பாபநாசம் என்றாலே கோயில், அருவி, குரங்கு. அதோடு வீடியோவை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதே இல்லை. அதே தண்ணீர்தானே இந்த மில்லையும் ஓட்டியது! யோசித்துப் பாருங்கள். பருத்தி விளைவது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில். துறைமுகம் தூத்துக்குடியில். இங்கே நெல்லும் வாழையும்தான். ஆனாலும் இங்கே வந்தார்கள். நிலக்கரி நம் பக்கம் கிடையாது, தாமிரபரணியோ மலையிலிருந்து சும்மா விழுந்துகொண்டிருக்கிறது. அதை வாய்க்காலில் திருப்பி டர்பைன் சக்கரத்தில் பாய்ச்சினால் சக்கரம் சுழலும், அந்தச் சுழற்சியில் நூல் நூற்கும் கதிர்கள் ஓடும். தண்ணீர் மறுபடி ஆற்றுக்கே போய்விடும்.

நேற்று இரவு முழுக்க என் தலையைக் குடைந்தது வேறு. திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876-இல். அம்பாசமுத்திரம் பக்கம் வந்ததோ 1900-க்குப் பிறகு. அப்படியானால் 1885-இல் அந்த இயந்திரங்கள் எப்படி வந்திருக்கும்? மாட்டுவண்டியைத் தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. திருநெல்வேலியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர்! வார்ப்பிரும்பு! என் முக்காலியைப்போல ஒரு வண்டி நடுவழியில் மக்கர் செய்திருந்தால் எந்த நாரைக் கொண்டு கட்டியிருப்பார்கள்?

அடடா, தூத்துக்குடியை விட்டுவிட்டேன். பாபநாசத்துக்கும் மதுரைக்கும் இடையில் அங்கே கோரல் மில் வந்தது. 1908-இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று வேலைநிறுத்தம் நடத்தி, கூலி உயர்வும் வார விடுமுறையும் வாங்கிக் கொடுத்தார்களே, அதே மில். அதை இரண்டு வரியில் சொன்னால் பாவம். தனி வீடியோ போடுகிறேன். இந்த மில்களுக்கு மதுரா கோட்ஸ் என்று நீங்கள் கேட்டுப் பழகிய பெயர், 1974-இல் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்த பிறகு வந்தது.

நார் காய்ந்து தளர்கிறது, படம் இன்னும் சாய்கிறது. அந்த அக்காவிடம் இரண்டு முழம் பூவாவது வாங்கிவிட்டு வருகிறேன்.