தூணைக் கட்டிப்பிடிக்கவா போகிறோம்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "அரண்மனைக்கு உள்ளழகு தருவது பிரமாண்டமா, நுணுக்கமா?" என்பது தலைப்பு. பிரமாண்டம்தான் என்று பேசிய எதிரணி அண்ணன், மதுரை திருமலை நாயக்கர் மகாலைக் காட்டி, "அந்தத் தூணை ஒரு ஆளால கட்டிப்பிடிக்க முடியுமா?" என்று கேட்டார். முடியாதுதான். அதற்காக, அரண்மனைக்குப் போவது தூணைக் கட்டிப்பிடிக்கவா ஐயா?

சரி, அந்தத் தூண்தான் எது? உள்ளே செங்கல். அதன்மேல் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, கை ஓயத் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார்கள். அந்தத் தேய்ப்பு இல்லையென்றால் அங்கே நிற்பது உயரமான செங்கல் அடுக்கு. அண்ணன் நம் அணிக்குத்தான் பேசிவிட்டுப் போயிருக்கிறார்!

இனி தக்கலைக்குப் பக்கத்தில் வாருங்கள். பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரை பத்மநாபபுரம்தான் திருவிதாங்கூர் அரசின் தலைநகரம். இருப்பது கன்னியாகுமரி மாவட்டம், பராமரிப்பது கேரள அரசு. அந்த வழக்கை இன்னொரு பட்டிமன்றத்தில் வைத்துக்கொள்வோம்.

ஓட்டுக் கூரையைப் பார்த்ததும் "இவ்வளவுதானா?" என்றுதான் எனக்கும் தோன்றியது. பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தேன். மர விதானத்தில் 90 பூக்கள். ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது. முப்பதாவது பூவுக்குள் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பின்னால் நின்ற பாட்டி, "தம்பி, எண்ணினது போதும், நகரு" என்றார். எண்ணுகிற எனக்கே இந்தப் பாடு என்றால், செதுக்கிய ஆசாரி கழுத்தை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் மாடியில் மந்திரசாலை. மன்னர் ஆலோசனை நடத்திய அறை. நாலு பேர் பார்த்து மலைக்க வேண்டிய இடமில்லை. உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம். அதனால் மரச் சட்டங்களின் இடுக்கு வழியாகக் காற்று வருகிறது. வண்ண மைக்கா பதித்த சன்னலில் வெயில் வடிகட்டி இறங்குகிறது. தரை கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அது பளிங்கு இல்லை ஐயா! எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, அங்கேயும் முட்டை வெள்ளைக்கரு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். நல்ல மத்தியானத்தில் அந்தத் தரையில் வெறுங்காலை வைத்தேன். குளிர்ச்சி உச்சந்தலைக்கு ஏறியது.

அண்ணனுக்குத் தூண்தான் வேண்டுமென்றால் அதுவும் உண்டு. அதே அரண்மனையின் பழைய பகுதியான தாய்க் கொட்டாரத்தில், ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூண். தாராளமாக ஒரே ஆள் கட்டிப்பிடிக்கலாம். ஆனால் பிடித்தால் அத்தனை வேலைப்பாடும் சட்டைக்குள் மறைந்துவிடும். காவலாளியும் விடமாட்டார்.

நன்றி, வணக்கம்.