கிரவல் வெட்ட அனுமதி கேட்கிறார்கள்: மலையில் எதை எதைப் பார்க்க வேண்டும்?

[காட்சி: தேயிலை மலை ஒன்றின் அடி. பாதையோரம் சிவந்த மேடு. சரிவின் மேலே தேயிலை, பாதைக்குப் பணிய ஒரு லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்).]

வணக்கம். இந்த மேட்டைப் பாருங்கள். பாதையோரத்திலேயே இருக்கிறது. டிப்பர் நேராக வந்து நிற்கலாம். பெக்கோ என்கிற மண் வெட்டும் இயந்திரம் ஒன்று இருந்தால் போதும், வெடி வைக்க வேண்டிய வேலையும் இல்லை. கிரவலுக்கு, அதாவது பாதை போடவும் நிலம் நிரப்பவும் எடுக்கிற சரளை மண்ணுக்கு, விண்ணப்பம் போடுகிறவர்கள் இப்படி ஒரு மேட்டைத்தான் தேடுவார்கள். ஆனால் மேலே இருக்கிற சரிவு முழுவதையும் முட்டுக்கொடுத்து வைத்திருப்பதும் இந்த அடிதான். இதை வெட்டலாமா கூடாதா என்பதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த வீடியோ.

முதலில் அலுவலக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அனுமதிப்பத்திரம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகார சபை, பிரதேச செயலகம், பிரதேச சபை என்று வேறு படிகளும் உண்டு. மலையகத்தில் இவை எல்லாவற்றையும் விட நான் முதலில் கேட்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைத்தான். மண்சரிவு அபாயத்தைப் பார்க்கிறவர்கள் அவர்கள்.

[காட்சி: மண்சரிவு அபாய வரைபடம், ஒரு விரல் நுனி அளவுக்கு நெருக்கமாக.]

அவர்களுடைய வரைபடங்களில் நுணுக்கமானவை 1:10,000 அளவில் இருக்கின்றன. அதாவது வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் 100 மீட்டர். ஒரு ஏக்கர் சதுர நிலம் அதில் பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர்தான் இருக்கும். எனவே 'வரைபடத்தில் அபாயம் குறைவு என்று இருக்கிறது' என்று யாராவது சொன்னால், சரி, ஆனால் இடத்துக்கும் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இடத்துக்குப் போனதும் ஒரு பரிசோதனைக் குழி வெட்டி, அதன் சுவரை நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் மலைகள் நைஸ், சார்னோகைட் போன்ற மிகப் பழைய உருமாறிய பாறைகள். அவை நின்ற இடத்திலேயே உக்கி மண்ணாகியிருந்தால், கையால் பொடிக்கக்கூடிய மண்ணிலும் பழைய பாறையின் வரிகள் அழியாமல் இருக்கும். வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று பட்டை பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன? மலைக்குள் சாய்ந்தால் ஓரளவு ஆறுதல். பாதையை நோக்கிச் சாய்ந்தால், அடியை வெட்டிய பிறகு மேல்மண் அந்தப் பட்டைகளின் வழியே வழுக்கி இறங்க இடம் கிடைத்துவிடும்.

வரிகளே இல்லாமல், பெரிய கல்லும் சின்னக் கல்லும் மண்ணும் தாறுமாறாகக் கலந்து கிடந்தால்? அந்த மண் அங்கே உருவானது இல்லை, மேலிருந்து வந்தது. எப்போதோ நடந்த ஒரு மண்சரிவின் குவியலாக இருக்கலாம். அப்படி ஒரு இடத்தில் கிரவல் வெட்டவே விடக்கூடாது என்பது என் கருத்து.

[காட்சி: பீலியில் (ஊற்றுத் தண்ணீர் விழும் குழாயில்) விழும் தண்ணீர். பிறகு தேயிலைக்கு நடுவே போகும் ஒரு கான் (வடிகால்).]

அடுத்தது தண்ணீர். மேலே இருக்கிற தேயிலைக் கான்கள் எங்கே போய் முடிகின்றன என்று நடந்தே பாருங்கள். கான் வெட்டின காலத்தில் அது ஒரு ஓடையில் போய் விழுந்திருக்கும். இப்போது அடைத்துக்கொண்டு, வெட்டப்போகும் முகத்துக்கு நேர் மேலே தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கலாம். அப்புறம், பீலித் தண்ணீர் எங்கே ஊறுகிறது, யார் யார் அதைக் குடிக்கிறார்கள் என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கப்பாதை தோண்டியபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றியது பலருக்கும் நினைவிருக்கும். அது எங்கே, ஒரு கிரவல் குழி எங்கே! ஆனால் ஊற்று ஒரு லயத்துக்கு மட்டும் போதுமான அளவு சின்னதாக இருந்தால், சின்னக் குழியே அதன் வழியை மாற்றப் போதும்.

கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு கியூப் என்பது 100 கன அடி. ஒரு ஏக்கரை 10 அடி ஆழத்துக்கு வெட்டினால் 4,356 கியூப். ஒரு டிப்பருக்கு 3 கியூப் என்றால் 1,450 லோடுக்கு மேல். வெட்டிய மண் பொங்கும் என்பதால் உண்மையில் இன்னும் கூடும். விண்ணப்பத்தில் இருக்கிற அளவும் ஆழமும் பரப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால், அந்த இடத்திலேயே கேள்வி கேட்கலாம். தோட்டத்துப் பாதையும் அதன் அடியில் தண்ணீர் போகிற போக்கும் இத்தனை லோடைத் தாங்குமா, பிள்ளைகள் அதே பாதையில் பள்ளிக்கூடம் போகிறார்களா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

[காட்சி: பணிய லயத்தின் பின்பக்கம். சுவருக்கும் மண்வெட்டுக்கும் இடையே ஒடுக்கமான வழி.]

குழியின் எல்லைக்கல்லோடு பார்வையை நிறுத்திக்கொள்கிற அறிக்கைகள்தான் எனக்குப் பிடிக்காதவை. மண் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. மேலே இருக்கிற வீட்டுச் சுவரில் வெடிப்பு உண்டா, கதவு புதிதாக இறுகுகிறதா, மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, மழை விட்ட பிறகும் எங்காவது கலங்கல் தண்ணீர் கசிகிறதா என்று லயத்து ஆட்களிடம் கேட்க வேண்டும். அவர்களுக்குத் தெரிந்தது எந்த வரைபடத்திலும் இருக்காது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது மழையால்தான், சுரங்கத்தால் அல்ல. யாரும் அடியை வெட்டாமலேயே இறங்கக்கூடிய சரிவுகள் நம்மிடம் இருக்கின்றன.

அனுமதி கொடுப்பதாக இருந்தால், செங்குத்தாக வெட்டாமல் படிப்படியாக வெட்டும் திட்டம், மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைக்கும் இடம், வேலை முடிந்ததும் நிலத்தைச் சீராக்கும் முறை, இவை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். மேல்மண்ணையும் சேர்த்து ஏற்றி விற்றுவிட்டால் பிறகு அங்கே புல்லும் முளைக்காது.

[காட்சி: ஒரு விண்ணப்பப் படிவத்தின் மேல் பேனா.]

இதையெல்லாம் பார்த்தார்களா என்று ஊரில் இருக்கிறவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மண்சரிவு அறிக்கையின் பிரதி, வெட்டும் திட்டம், இடத்தைப் பார்க்க வந்த திகதி, இந்த மூன்றையும் கேளுங்கள். திகதி முக்கியம். ஹட்டன் பக்கம் பிப்ரவரியிலும் பதுளைப் பக்கம் ஜூலையிலும் வந்து பார்த்தால் எந்த மேடும் காய்ந்து உறுதியாகத்தான் தெரியும். அப்படி ஒரு திகதி இருந்தால், அனுமதிக்கு முன்னர் மழை மாதத்தில் இன்னொரு தடவை வந்து பார்க்கச் சொல்லிப் பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள். பணியகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும்.