வினிகர் தடவினால் கேன்சர் தெரியுமா? திண்டுக்கல்லில் செய்து காட்டினார்கள்!

வணக்கம்! நூடுல்ஸில் ஊற்றுகிற வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை வைத்துக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். ஆனால் வீட்டில் யாரும் பாட்டிலைத் திறந்துவிடாதீர்கள், இது நர்ஸ் செய்கிற வேலை.

பின்னணி ஒரே மூச்சில்: காரணம் எச்.பி.வி வைரஸ். பெரும்பாலும் உடம்பே அதை விரட்டிவிடும். விரட்டாமல் தங்கிவிட்டால், புற்றாக மாறப் பல வருஷம் எடுக்கும். சிறுமிகளுக்குத் தடுப்பூசி உண்டு. சரி, வினிகருக்கு வருவோம்.

(திரையில்: பஞ்சு, டார்ச் விளக்கு, கடிகாரம்)

கர்ப்பப்பை வாயில் நர்ஸ் பஞ்சால் அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார். 3 முதல் 5 சதவீதம்தான், கொஞ்சம் எரிகிற மாதிரி இருக்கும். பிறகு ஒரு நிமிஷம் காத்திருப்பார். நல்ல திசு இளஞ்சிவப்பாகவே இருக்கும். மாறத் தொடங்கிய செல்களில் புரதம் அதிகம். அமிலம் பட்டதும் அது வாணலியில் விழுந்த முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெளுத்துவிடும்! நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும். லேப் ரிப்போர்ட்டுக்கு அலைய வேண்டாம். சில நிமிஷத்தில் அந்த வெள்ளை தானே மறைந்தும் விடும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

வெள்ளை தெரிந்தாலே கேன்சர் என்று பதறாதீர்கள். தொற்று இருந்தாலும் வெளுக்கும். அடுத்த பரிசோதனையில் தெரிந்துவிடும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களை நர்ஸுகளே இப்படிப் பரிசோதித்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தை உறைய வைத்து அழிக்கிற சிகிச்சையும் கொடுத்தார்கள். 2007-இல் முடிவு வெளியானது: பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்தப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைவு! உலகமே பார்த்த ஆய்வு, நம் ஊரில் நடந்தது.

ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர்தான் ஒருமுறையாவது பரிசோதித்திருந்தார்கள். 'எனக்கு ஒண்ணும் இல்லையே' என்பதுதான் வழக்கமான பதில். அட, ஒன்றும் இல்லாதபோது செய்வதற்குத்தானே இந்தப் பரிசோதனை!

முப்பது தாண்டிய அக்கா, அம்மா, சித்தி எல்லோரும் மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கூச்சமாக இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்புறம், ஃபேமிலி குரூப்பில் குட் மார்னிங் ரோஜாப்பூவுக்கு நடுவில் இந்த வீடியோவையும் போட்டுவிடுங்கள்.