பத்து விரல்களிலும் ஊசி

நேயர்களுக்கு வணக்கம். 30 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் பொது மருத்துவம் பார்த்தவன் நான். இப்போதெல்லாம் நோயாளி போனைக் கேட்டுவிட்டுத்தான் டாக்டரிடம் வருகிறார். அதில் எனக்குக் கோபமே இல்லை. அதில் வீணாகப் போகும் நேரத்தைப் பற்றித்தான் என் கவலை.

ஒருநாள் ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலை 6 மணிக்குக் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியிருக்கிறது, வாய் கோணியிருக்கிறது. பக்கவாதம் என்று வீட்டிலேயே சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள், அதுவும் போனைப் பார்த்துத்தான்! ஆனால் அதே போனில் வாட்ஸ்அப் செய்தி ஒன்றும் இருந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். ஆளை அசைக்கக் கூடாதாம், பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் விட வேண்டுமாம், காது மடலைச் சிவக்கும்வரை இழுக்க வேண்டுமாம். எல்லாம் செய்து பார்த்துவிட்டு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை.

மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க மருந்து உண்டு. பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். அதற்கும் முன்னால் ஸ்கேன் பார்த்தாக வேண்டும். நாலரை மணி நேரம், மறுபடியும் சொல்கிறேன். விரலில் குத்தினால் மூளையில் இருக்கும் அடைப்பு விலகாது.

"நல்லதுக்குத்தானே சார் அனுப்பியிருப்பாங்க" என்று மகன் அழுதான். கூட இருந்த இளம் டாக்டர் அவனைத் திட்டப் போனார், நான் தடுத்துவிட்டேன். திட்டினால் அடுத்த முறை போனில் பார்த்ததை மறைப்பார்கள், அல்லது வரவே மாட்டார்கள். 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு தாய் ரத்தப்போக்கால் இறந்துபோனார். ஆஸ்பத்திரியை ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று நாங்களும் யோசிக்க வேண்டும். எத்தனை முறை கேட்டாலும் போன் சலிக்காமல் பதில் சொல்கிறது, நாங்கள் எரிந்து விழுகிறோம். என் அறைக்கு வருபவரிடம் நான் முதலில் கேட்பதே, "போன்ல என்ன பார்த்தீங்க, காட்டுங்க" என்பதுதான். டாக்டர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து நீங்களும் கேளுங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். டெங்குவைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சரி, ஒன்று மட்டும்: காய்ச்சல் விட்டதும் வயிற்றுவலி, விடாத வாந்தி என்றால் பப்பாளி இலையைத் தேடாமல் உடனே கிளம்புங்கள். சந்தேகத்துக்கு 104, அவசரத்துக்கு 108. அப்புறம், பக்கவாதம் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு வாருங்கள், நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான். வணக்கம்.