நகரும் பொருளிலும் விசைகள் சமநிலையில் இருக்கலாம்

[காட்சி: கொழும்புத் துறைமுகம். பாரந்தூக்கியில் தொங்கும் கொள்கலன்.]

20 தொன் கொள்கலன் ஒன்று வானில் அசைவின்றித் தொங்குகிறது. அதன் நிறை ஏறத்தாழ 196,000 நியூற்றன். உருக்கு வடங்களும் அதே அளவு விசையுடன் அதை மேல்நோக்கி இழுக்கின்றன. இவ்விரு விசைகளும் பருமனில் சமமாகவும் திசையில் எதிராகவும் இருப்பதால், விளையுள் விசை பூச்சியமாகிறது. கொள்கலன் ஓய்வில் இருக்கிறது. இதுவரை எவருக்கும் ஐயம் எழுவதில்லை.

[காட்சி: கொள்கலன் சீராக மேலெழுகிறது.]

இப்போது அது மாறாத வேகத்தில் மேலே செல்கிறது. வடங்களின் இழுவை எவ்வளவு? நிறையைவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும் என்று மாணவர் பலர் விடையளிப்பர். அந்த விடை தவறானது. வளித்தடையைப் புறக்கணித்தால், இழுவை அதே 196,000 நியூற்றன்தான். மாறாத வேகத்தில் கீழிறங்கும்போதும் அதுவே. ஓய்விலிருந்து புறப்பட்டு மேல்நோக்கி வேகம் பெறும் அந்தச் சில கணங்களுக்கு மட்டுமே கூடுதல் விசை தேவை. ஒவ்வொரு செக்கனிலும் வேகம் செக்கனுக்கு 0.5 மீற்றரால் கூடுமாயின், அந்த மேலதிக விசை 10,000 நியூற்றன். வேகம் நிலைபெற்றதும் அது இல்லாமற் போகிறது, இயக்கமோ தொடர்கிறது. இந்த இடத்தில் வீடியோவைச் சற்று நிறுத்திச் சிந்தியுங்கள். விசை பற்றிய பாடத்தில் இதைவிட முக்கியமான இடம் வேறில்லை என்பேன்.

[காட்சி: புறக்கோட்டை. மூட்டைகள் ஏற்றிய கைவண்டி.]

நாட்டாமி தள்ளுவதை நிறுத்தினால் வண்டியும் சிறிது தூரத்தில் நின்றுவிடுகிறது. அதனாற்றான் இயக்கம் நீடிக்க விசை வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. உண்மையில், வண்டி சீராகச் சென்றவரை அவரது தள்ளுவிசை தடைவிசைகளுக்குச் சமமாக இருந்தது. கையை எடுத்ததும் அச்சமநிலை குலைய, ஈடுசெய்யப்படாது எஞ்சிய உராய்வு வண்டியை நிறுத்தியது. உராய்வற்ற தளத்தில் இயக்கம் ஓயாது என்று கலிலியோ உய்த்துணர்ந்தார். விளையுள் விசை ஒன்று தாக்காதவரை பொருள் ஓய்விலோ நேர்கோட்டில் மாறாத வேகத்திலோ நீடிக்கும் என்னும் தமது முதலாம் இயக்க விதியை 1687 இல் நியூற்றன் வெளியிட்டார்.

[காட்சி: கொள்ளுப்பிட்டி, லிபர்ட்டி சுற்றுவட்டம்.]

வேகம் என்பதில் கதியோடு திசையும் அடங்கும்; திசை மாறினாலும் வேகம் மாறுகிறது. ஆகவே சுற்றுவட்டத்தைச் சீரான கதியில் சுற்றிவரும் பஸ்ஸின்மீது விசைகள் சமநிலையில் இல்லை. கதிமானியின் முள் அசையாவிட்டாலும், சில்லுகள்மீது தெரு செலுத்தும் உராய்வு பஸ்ஸை வட்டத்தின் மையத்தை நோக்கி இடைவிடாது திருப்பிக்கொண்டே இருக்கிறது.