அந்த ஒரு பாயிண்ட்

வணக்கம் நேயர்களே. உங்கள் மனசுக்குப் பிடித்த அணியைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னை இங்கே அழைத்தார்கள். சென்னையில் இப்படி ஒருவரைக் கேட்டால் மஞ்சள் சட்டையைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று நினைப்போம். நானும் கோடை மாலைகளில் அதைப் பார்க்கிறவன்தான். ஆனால் என் அணி அது இல்லை. என் அணி தமிழ்நாடு ரஞ்சி அணி, அதாவது மாநில அணிகள் மோதுகிற ரஞ்சிக் கோப்பை கிரிக்கெட்டில் ஆடுகிற நம்ம ஊர் அணி. திருவல்லிக்கேணியில் வளர்ந்தவன், சேப்பாக்கம் மைதானம் நடந்து போகிற தூரம், பள்ளிக்கூட நாளிலிருந்து இன்றைக்கு வரை வருஷா வருஷம் இந்த அணியின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன்.

ரஞ்சி மேட்ச் என்றதும் பலரும் என்னிடம் கேட்பது, "நாலு நாள் ஆடி டிரா ஆகிற மேட்ச்சில் என்ன சார் இருக்கு?" இன்று இதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். நேரம் இருந்தால் இன்னும் சிலது சொல்வேன், ஆனால் இதைச் சொல்லாமல் போகமாட்டேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், சின்னக் கணக்குதான். லீக் சுற்றில் ஒரு அணிக்கு 7 மேட்ச். ஜெயித்தால் 6 பாயிண்ட். இன்னிங்ஸ் வித்தியாசத்திலோ 10 விக்கெட் வித்தியாசத்திலோ ஜெயித்தால் இன்னும் ஒன்று சேர்த்து 7. தோற்றால் ஒன்றும் இல்லை. டிரா ஆனால், முதல் இன்னிங்ஸில் யார் அதிக ரன் எடுத்தார்களோ, அதாவது யார் லீட் எடுத்தார்களோ, அவர்களுக்கு 3, மற்றவர்களுக்கு 1. அந்த 3-க்கும் 1-க்கும் நடுவில்தான் ரஞ்சி ரசிகனின் உயிரே ஊசலாடுகிறது. எதிரணி 300 எடுத்திருக்கிறது, நாம் 280-க்கு 8, அதாவது 8 விக்கெட் போய் 280 ரன், என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவதாக இறங்குகிறவர் ஒரு பந்தைத் தட்டிவிட்டு இரண்டு ரன் ஓடுவதற்குள் நமக்கு வியர்த்துவிடும். டி-20-யில் கடைசி ஓவரில்தான் இந்தப் படபடப்பு. இங்கே இரண்டாம் நாள் சாயங்காலம் ஆரம்பித்து மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளை வரை அது ஓடும்.

ஒரு சீசனைச் சொல்கிறேன், நான் சொல்வது உங்களுக்கே புரியும். 2024 ஜனவரியில் தொடங்கிய சீசன். முதல் மேட்ச் வல்சாட்டில் குஜராத்தோடு, தோற்றோம், 111 ரன்னில். அடுத்த மேட்ச்சில் திரிபுராவோடு 1 பாயிண்ட். ஆக, இரண்டு மேட்ச் முடிந்து கையில் ஒரே ஒரு பாயிண்ட். அந்த நேரத்தில் ரசிகர்கள் பேசியதை நினைத்துப் பாருங்கள். "இந்த வருஷமும் அவ்வளவுதான்." ரஞ்சி பார்க்கிறவர்களுக்கு இது பழகிப்போன வசனம். 1988-ல் கடைசியாகக் கோப்பை வாங்கினோம், வாசுதேவன் கேப்டன், சேப்பாக்கத்தில்தான், ரயில்வே அணியை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றோம். அதற்குப் பிறகு 6 முறை இறுதிப்போட்டிக்குப் போயிருக்கிறோம், 6 முறையும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறோம். அதனால் ஜனவரியிலேயே மனசு தளர்வது எங்களுக்குப் புதிது இல்லை.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? அணி கோயம்புத்தூர் வந்தது. ரயில்வேயை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் சாய்த்தோம், 7 பாயிண்ட். சண்டிகரோடு ஜெகதீசன் 321 அடித்தார், அதிலும் இன்னிங்ஸ் வெற்றி, இன்னொரு 7. கோவாவை வென்றோம், 6. ஒரு பாயிண்ட்டோடு உட்கார்ந்திருந்த அணி மூன்று வாரத்தில் 21-க்கு வந்துவிட்டது. சாய் கிஷோர் கேப்டன், இடது கை சுழல், அந்த சீசனில் 53 விக்கெட் எடுத்தார், நாட்டிலேயே அதிகம். ஆறாவது மேட்ச் சேப்பாக்கத்தில், கர்நாடகாவோடு.

இந்த மேட்ச்சைப் பற்றி நான் எங்கே பேச ஆரம்பித்தாலும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள், நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை ஆரம்பம். கர்நாடகா 366. தேவ்தத் படிக்கல் தனியாளாக 151. நம் அணி மொத்தமும் சேர்ந்து 151! லீட் போச்சு, 3 பாயிண்ட் போச்சு. இரண்டாவது இன்னிங்ஸில் கர்நாடகாவை 139-க்குச் சுருட்டினோம். நாம் ஜெயிக்க வேண்டுமென்றால் 355. நாலாவது இன்னிங்ஸில், சேப்பாக்கத்தில், பந்து திரும்புகிற பிட்ச்சில் 355! அதை எடுத்துவிடுவோம் என்று ஸ்டாண்டில் யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

கடைசி நாள் திங்கட்கிழமை. ரஞ்சிக்கு டிக்கெட் கிடையாது, திறந்திருக்கிற ஸ்டாண்டில் போய் உட்காரவேண்டியதுதான். கூட்டம் குறைவு என்பதால் ஐ.பி.எல். கூச்சலில் கேட்கவே முடியாததெல்லாம் அங்கே காதில் விழும். விக்கெட் கீப்பர் பவுலரை உசுப்பேற்றுவது கேட்கும். பேட்ஸ்மேனுக்குப் பக்கத்திலேயே ஷார்ட் லெக்கில் நிற்கிற பையன் ஹெல்மெட் பட்டையைத் திரும்பத் திரும்ப இழுத்து இறுக்குவது தெரியும். பந்து பேடில் பட்டால் ஒரு சத்தம், பேட்டில் பட்டால் வேறு சத்தம், நடுவர் விரலைத் தூக்குவதற்கு முன்னாலேயே அந்தச் சத்தத்தை வைத்து ஸ்டாண்டில் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். மத்தியானம் கடல் காற்று வரும், பக்கத்தில் பறக்கும் ரயில் போகும், வெயிலுக்குத் தகுந்தபடி நாங்கள் வரிசை வரிசையாக நிழல் பார்த்து நகர்ந்துகொண்டே இருப்போம்.

என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்வார், அன்றும் இருந்தார். நீளமான கணக்கு நோட்டில் ஒவ்வொரு பந்தையும் குறிப்பார். ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி, மெய்டன் ஓவர் என்றால் ஆறு புள்ளியையும் சேர்த்து ஒரு கோடு. போனில் எல்லாம் வருகிறதே என்று யாராவது சொன்னால், "நான் பார்த்ததைத்தானே நான் எழுதுறேன்" என்பார். அன்றைக்கு இந்திரஜித் ஆடினார் பாருங்கள், பாபா இந்திரஜித், அதைப் பேச எனக்கு அரை மணி நேரம் வேண்டும். பந்து திரும்புகிறது, சுற்றி ஆள் நிற்கிறார்கள், அவர் கடைசி நொடி வரை காத்திருந்து காலுக்கடியில் வைத்துத் தட்டுகிறார். அடிக்க வேண்டிய பந்தை மட்டும் அடிக்கிறார். வெறும் கௌரவத்துக்கு ஆடுகிறார்கள் என்று நினைத்த ஸ்கோர் மெல்ல மெல்ல ஏறி, 'அட, இது நடக்கும் போலிருக்கே' என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். 98-ல் அவுட் ஆனார். ஸ்டாண்டில் ஒருவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பெரியவர் 98 என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு நோட்டை மூடிவிட்டார், அப்புறம் பேனா திறக்கவே இல்லை, ஆட்டத்தை மட்டும் பார்த்தார்.

முடிவு என்ன? 338-க்கு 8. நேரம் முடிந்தது. ஜெயிக்க 17 ரன் பாக்கி, கையில் 2 விக்கெட். டிரா. கர்நாடகாவுக்கு 3, நமக்கு 1.

இப்போதுதான் வானொலியைத் திருப்பியவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். ஜெயித்தால் 6, டிராவில் லீட் எடுத்தவருக்கு 3, லீட் விட்டவருக்கு 1. செய்தியில் ஒரே வரிதான் வந்தது, தமிழ்நாடு கர்நாடகா டிரா என்று. கேட்கிறவர்களுக்கு நாலு நாள் வீண் என்றுதான் தோன்றும். ஆனால் கடைசி மேட்ச்சில் சேலத்தில் பஞ்சாபை வென்று லீக் முடிந்தபோது பட்டியலைப் பார்த்தோம். தமிழ்நாடு 28. கர்நாடகா 27. நாம்தான் குரூப்பில் முதலிடம்! அந்தத் திங்கட்கிழமை மிச்சமிருந்த இரண்டு விக்கெட்டும் விழுந்திருந்தால் கர்நாடகா 30, நாம் 27. இரண்டு கடைநிலை ஆட்டக்காரர்கள் அவுட் ஆகாமல் நின்றார்களே, அதுதான் அந்த முதலிடம். அதனால் கால் இறுதி நமக்குக் கோயம்புத்தூரிலேயே கிடைத்தது, கர்நாடகா நாக்பூர் போய் விதர்பாவிடம் தோற்றது. நாம் நடப்புச் சாம்பியனான சௌராஷ்டிராவை இன்னிங்ஸும் 33 ரன்னும் வித்தியாசத்தில் வீழ்த்தினோம். சாய் கிஷோர் 9 விக்கெட், கூடவே 60 ரன். ஏழு வருஷம் கழித்து அரையிறுதி.

டிராவில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அந்த ஒரு பாயிண்ட் இருக்கிறது. ஒரு மேட்ச்சை மட்டும் பார்த்தால் அது தெரியாது. ஜனவரியிலிருந்து பின்னாலேயே வந்தால்தான் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், ஒரு நாள் வந்து எட்டிப் பார்க்காதீர்கள், ஒரு சீசன் முழுக்க வாருங்கள்.

அரையிறுதி மும்பையில். நமக்கு 146-தான். ஆனால் மும்பையை 106-க்கு 7 என்று நிறுத்தினோம், சாய் கிஷோர் அந்த இன்னிங்ஸில் 6 விக்கெட். அங்கிருந்து ஷர்துல் தாக்கூர் 109 அடித்தார், தனுஷ் கோட்டியன் 89-ல் ஆட்டமிழக்காமல் நின்றார், 378 வந்துவிட்டது. மூன்றே நாளில் இன்னிங்ஸ் தோல்வி. மும்பை அந்தக் கோப்பையையும் எடுத்துக்கொண்டது, அவர்களுக்கு 42-வது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, இப்போது பேசும்போதும் அந்த 106-க்கு 7 நெஞ்சை அறுக்கிறது.

மும்பை என்றதும் 1973-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. சேப்பாக்கத்தில் இறுதிப்போட்டி. நம்மிடம் வெங்கட்ராகவன், வி.வி. குமார், பிட்ச்சோ பந்தைப் பம்பரமாகத் திருப்புகிற பிட்ச். பம்பாய் 151, 113. இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவர்களிடம் ஒரு பத்மாகர் ஷிவால்கர் இருந்தார். முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 18-க்கு 5. நாம் 80, 61. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே மேட்ச் முடிந்தது. ஐந்து நாள் பார்க்கலாம் என்று கிளம்பி வந்தவர்களுக்கு மூன்றாம் நாள் ஒரே ஒரு பந்து! அந்தப் பந்தை நேரில் பார்த்தவர்கள் சிலர் எங்கள் ஸ்டாண்டில் வெகுகாலம் இருந்தார்கள், கேட்டால் இன்னும் கோபமாகச் சொல்வார்கள். அத்தனை பெரிய பவுலர் ஷிவால்கர், ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை என்பதையும் அதே கோபத்தோடு சொல்வார்கள். எதிரணிக்காரருக்காகவும் வருத்தப்படுகிற ஸ்டாண்ட் அது, எனக்கு அதில் பெருமை உண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறது. எம்.ஜே. கோபாலனைப் பற்றிப் பேச நிறைய வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரஞ்சி வரலாற்றின் முதல் பந்தைப் போட்டவர் அவர், 1934 நவம்பர் 4, சேப்பாக்கத்தில், மைசூருக்கு எதிராக. அந்த மேட்ச் ஒரே நாளில் முடிந்தது, ஏ.ஜி. ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். ராம்சிங்கின் மகன்கள் கிருபால் சிங், மில்கா சிங் இருவருமே இந்தியாவுக்கு ஆடினார்கள். பேரன் அர்ஜன் கிருபால் சிங் 1988-89 சீசனில் கோவாவுக்கு எதிராக 302, அதே இன்னிங்ஸில் டபிள்யூ.வி. ராமன் 313. ஒரே இன்னிங்ஸில் இரண்டு முச்சதம்! இதற்கே தனியாக ஒரு உரை வேண்டும், வாய்ப்புக் கொடுத்தால் வருகிறேன்.

திண்டுக்கல் நத்தம், சேலம், கோயம்புத்தூர் மைதானங்களைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. ஒன்று மட்டும், அந்த ஊர்ப்பக்கம் இருக்கிறவர்கள் சென்னைக்கு வரத் தேவையில்லை, அணியே உங்கள் ஊருக்கு வருகிறது. ஆட்டம் காலை 9:30 மணிக்கு ஆரம்பிக்கும். தலைக்குத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், இரண்டாம் நாள் சாயங்காலம் லீட் நெருக்கத்தில் இருந்தால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். நன்றி, வணக்கம்.