பரணில் இருக்கும் பழைய டிவி எங்கே போகிறது?

வணக்கம் நேயர்களே. பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது ஓடாத மிக்ஸி, டேபிள் ஃபேன், குண்டு டிவி எல்லாம் பரணிலிருந்து இறங்கும். பழைய சாமான் வண்டிக்காரர் குரல் கேட்டதும் தூக்கிக் கொடுத்துவிட்டு, அவர் தருவதை வாங்கிக்கொள்வோம். அதற்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அந்தக் குண்டு டிவியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் தொடங்கி 2011 வரை நம் தமிழ்நாடு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவி மட்டுமே ஒன்றரைக் கோடிக்கு மேல். எக்ஸ்ரே கதிர் வெளியே கசியாமல் இருக்க பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பார்கள். காயலான் கடையில் அதை உடைப்பது டியூபின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக்காக. செம்பு விலை போகும், ஈயக் கண்ணாடியை யாரும் வாங்க மாட்டார்கள், அது குப்பைமேட்டுக்கோ ஏரிக்கரைக்கோ போய்விடும். வயரை உரித்துக்கொண்டிருக்க நேரமில்லை என்று மொத்தமாகக் கொளுத்தினால், பிவிசி எரிந்து டையாக்சின் என்ற கொடிய நச்சு வரும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் கொளுத்துகிறவர்தான், சில இடங்களில் பக்கத்திலேயே விளையாடும் அவர் பிள்ளையும். வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிறவரைத் திட்டி என்ன பயன்? பொருளைக் கொடுத்தது நாம்தானே.

ஃபிரிட்ஜ் கதை வேறு. கம்ப்ரஸரைக் கழற்றக் குழாயை வெட்டினால் உள்ளே இருக்கும் வாயு அப்படியே காற்றில் கலக்கும். பல வீடுகளில் இருந்த ஆர்-134ஏ வாயு, கார்பன் டை ஆக்சைடை விட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. புது மாடல்களில் இருக்கும் ஆர்-600ஏ தீப்பிடிக்கும். அதனால் எதையும் வீட்டில் பிரிக்காதீர்கள், முழுசாகக் கொடுங்கள்.

சரி, யாரிடம் கொடுப்பது? 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளில் 106 வகைப் பொருட்கள் வருகின்றன. விற்ற கம்பெனிகளுக்கே மறுசுழற்சிப் பொறுப்பு உண்டு. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கிறது. ஆனால் ஒரு மிக்ஸிக்காக அவர்கள் வண்டி அனுப்புவது கட்டுப்படியாகாது, நம்மில் பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறோம். ஐம்பது வீடு சேர்ந்தால் வருவார்கள். குடியிருப்போர் சங்கமோ மகளிர் குழுவோ ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, கோயில் மண்டபத்திலோ பள்ளித் திண்ணையிலோ சேர்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் காசு கிடைக்காது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஓடுகிற பொருளைத் தனியாக எடுத்து வையுங்கள், தேவைப்படும் வீடு பக்கத்திலேயே இருக்கும். போனைக் கொடுக்கும் முன் சிம், மெமரி கார்டை எடுத்துவிட்டு உள்ளே இருப்பதை அழித்துவிடுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது, குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். காய்ந்த மணல் நிரப்பிய வாளியில் வைத்துத் தனியாக ஒப்படையுங்கள்.

அந்த வண்டிக்காரரையும் கூப்பிடுங்கள். எந்த வீட்டில் என்ன கிடக்கிறது என்று அவருக்குத் தெரிந்த அளவு சங்கத்துக்குத் தெரியாது. வீடு வீடாகப் போய் எடுத்து வர அன்றைய கூலியைச் சங்கமே கொடுக்கட்டும். ஏற்றும்போது எத்தனை பொருள் என்று எழுதி, நிறுவனத்திடம் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.